சாவி மேசையில் இருக்கட்டும்

“எதுல போறே?”

அம்மா கைப்பேசியில் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் இதுதான். எங்கே, யாரோடு என்பதெல்லாம் அப்புறம்.

“பஸ்ல.”

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “சரிப்பா, பார்த்துப் போ” என்றார்.

கோலாலம்பூரிலிருந்து வேலை மாறி பினாங்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. கெலுகோரில் வாடகை வீடு. அம்மா மீன்குழம்பில் போடும் அசாம் கெலுகோர்தான் இந்த ஊருக்குப் பெயர் தந்த மரம் என்பதே இங்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

ஒரு சனிக்கிழமை தலைநகரிலிருந்து நண்பன் வந்தான். ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டில், சிறிய அளவில் காய்ச்சிய பீரைக் குழாயிலிருந்து நேரே பிடித்துக் கொடுக்கிறார்களாம். அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்றான். அவன் ரயிலில் பட்டர்வொர்த் வந்து, ஃபெரியில் தீவுக்கு வருவதாகத் திட்டம். நான் அவனை ஜெட்டியில் சந்திக்க வேண்டும். வீட்டு வாசலில் கார் நின்றது. சாவியை மேசையில் வைத்துவிட்டுக் கதவைப் பூட்டினேன்.

காரணம் அப்பா.

அப்போது எனக்குப் பதினொரு வயது. கெடாவில் தோட்டத்தில் இருந்தோம். சம்பள நாளன்று நண்பர்களோடு குடித்துவிட்டு, கப்சாய் மோட்டார் சைக்கிளில் திரும்பிய அப்பா வீடு வந்து சேரவில்லை. “கொஞ்சம்தான் குடிச்சாரு, நல்லாத்தான் ஓட்டிப் போனாரு” என்று மறுநாள் எல்லாரும் சொன்னார்கள். 1947இல் கெடா தோட்டங்களில் கள்ளுக்கடைகளை எதிர்த்துத் தொண்டர் படை மறியல் செய்தபோது, சிறுவனாகப் பின்னால் ஓடியதாகத் தாத்தா பெருமையாகச் சொல்வார். அப்பா போன பிறகு அந்தக் கதையை அவர் சொல்லவே இல்லை.

நிறுத்தத்தில் 303ஆம் எண் பேருந்து வந்தது. காசுப் பெட்டியில் பத்து வெள்ளி நோட்டைப் போட்டுவிட்டு மீதிக்குக் கை நீட்டினேன். ஓட்டுநர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். மீதி கிடையாதாம். பின்னால் ஏறிய மக்சிக் சிரித்தபடி தன் சில்லறைப் பையைத் தூக்கிக் காட்டினார். புது ஊர் எனக்கு நடத்திய முதல் பாடத்துக்குப் பத்து வெள்ளி கட்டணம்.

ஜெலுத்தோங், கொம்தார் வழியாக ஜெட்டி. நண்பனோடு லிட்டில் இந்தியா பக்கமாக நடந்தோம். குயின் தெருவில், 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில். பீர் குடிக்கப் போகிற வழியில் அம்மன் எதிர்ப்படுவாள் என்று இருவருமே எதிர்பார்க்கவில்லை. வாசலில் நின்றே கும்பிட்டுவிட்டு வேகமாக நடையைக் கட்டினோம்.

கடையில் ஆளுக்கொரு கிளாஸ். எனக்குக் கசப்புதான் தெரிந்தது. நண்பன் அதில் ஆரஞ்சு வாசம் வருகிறது என்றான். இரண்டாவது கிளாஸுக்குப் பிறகு சொன்னான்: “இவ்வளவுதானேடா, கார்லயே வந்திருக்கலாம். ஒண்ணும் ஆகியிருக்காது.”

“கொஞ்சம்தான் குடிச்சாரு” என்ற அதே குரல்.

2020 அக்டோபரில் நம் நாட்டில் சாலைப் போக்குவரத்துச் சட்டம் கடுமையானது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் மதுவின் வரம்பு 80 மில்லிகிராமிலிருந்து 50ஆகக் குறைந்தது. குடித்து ஓட்டி ஓர் உயிரைப் பறித்தால் 10 முதல் 15 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதம். வானொலியில் இதை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் “குடித்துவிட்டு வாகனம் ஓட்டாதீர்கள்” என்று சொல்லி அடுத்த பாட்டைப் போட்டுவிடுவேன். ஒருமுறைகூட அப்பாவைப் பற்றி ஒலிவாங்கி முன் பேசியதில்லை. அன்று நண்பனிடம் பேசினேன். பத்து வருடப் பழக்கத்தில் முதல்முறையாக.

அவன் மூன்றாவது கிளாஸ் கேட்கவில்லை. “கடைசி பஸ் எத்தனை மணிக்கு?” என்று மட்டும் கேட்டான்.

குடிக்கலாமா, கூடாதா என்பது அவரவர் வீட்டு விஷயம். தொடாமலே இருப்பவர்களுக்கு என் கும்பிடு. ஆனால் போவதென்று முடிவு செய்தால், வீடு திரும்பும் வழியை முதல் கிளாஸுக்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். அப்புறம் செய்யும் முடிவை நம்ப முடியாது. கடைசிப் பேருந்தின் நேரம் தெரிந்திருக்கட்டும், சட்டைப்பையில் சில்லறை இருக்கட்டும், அது தவறினால் வாடகைக் காருக்குப் பணம் இருக்கட்டும். உங்கள் வீட்டுப் பிள்ளை கிளம்பும்போது சாவியை நீங்களே கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாலும் தப்பில்லை.

கெலுகோரில் இறங்கியதும் அம்மாவுக்கு அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். தூங்கவே இல்லை போலிருக்கிறது.

“இறங்கிட்டேம்மா.”

“சாப்பிட்டியா?” என்றார்.