ஐந்து பெட்டிகளும் அப்பாவின் காதும்

ஒலிபெருக்கி வாங்குவது அத்தனை பெரிய காரியமா என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் அது மூன்று மாத வழக்காக நடந்தது.

என் தந்தையார் திரையரங்கில் புரொஜக்டர் ஆபரேட்டராக இருந்தவர். அந்த இரைச்சலின் அருகிலேயே நின்று நின்று இன்று காது மந்தமாகிவிட்டது. தொலைக்காட்சியில் படம் ஓடினால், "என்னடா சொன்னான்?" என்பார். சொல்வோம். மறுபடியும் கேட்பார். சில நாட்களாகக் கேட்பதையே விட்டுவிட்டுப் பேசாமல் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் எங்களை உறுத்தியது.

அண்ணன், "வாங்கினால் டால்பி அட்மாஸ்" என்றார். 2012-இல் வந்த அந்த முறையில் ஒலி தலைக்கு மேலிருந்தும் கேட்கும். கூரையில் ஸ்பீக்கர் மாட்ட முடியாதவர்கள் மேல்நோக்கிய ஸ்பீக்கர்களை வைக்கலாம். ஒலி மேலே பட்டுத் திரும்பும். ஆனால் அதற்குச் சமதளமான மேற்கூரை வேண்டுமே! எங்களுடையதோ சரிந்த ஓட்டுக்கூரை. இயற்பியல் படிக்கும் நான், "பல்லிகள்தாம் கேட்டு மகிழும்" என்றேன். அண்ணனுக்குக் கோபம்.

பிறகு டால்பி டிஜிட்டலா, டி.டி.எஸ்.ஸா என்ற பட்டிமன்றம். முன்னது 1992-இல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தோடும், பின்னது 1993-இல் 'ஜுராசிக் பார்க்' படத்தோடும் வந்தவை. டிவிடியில் டால்பிக்கு நொடிக்கு 448 கிலோபிட் வரை, டி.டி.எஸ்.ஸுக்கு 1,509 வரை. நான் பெரிய எண்ணின் கட்சி. சுருக்கும் முறைகளே வெவ்வேறு என்பதால் எண்ணை மட்டும் வைத்துத் தரம் சொல்ல முடியாது என்பது பிறகுதான் புரிந்தது.

சத்தம் பெரிதாகி, அப்பா காதிலும் விழுந்துவிட்டது போலும்.

"டால்பியிலே சத்தம் பிலிம் ஓட்டைகளுக்கு நடுவுலயே அச்சாகியிருக்கும். டி.டி.எஸ்.ஸுன்னா பிலிம்ல வெறும் குறிக்கோடுதான், சத்தம் தனியா சி.டி.யிலே. சி.டி. மக்கர் பண்ணா தானா பழைய ஒலித்தடத்துக்கு மாறிடும். கீழே உக்காந்திருக்கிற ஒருத்தனும் கண்டுபிடிச்சதில்லேடா" என்று சிரித்தார். அவர் இவ்வளவு பேசிப் பல நாளாயிற்று.

இரண்டு முறையிலும் 5.1 என்பது முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, அடித்தொனிக்கு ஒன்று. இரண்டையும் ஒரே ரிசீவர் வாசிக்கும். இரண்டிலும் வசனம் பெரும்பாலும் முன்வரிசை நடு ஸ்பீக்கரில்தான் வரும். தொலைக்காட்சியின் இரண்டு ஸ்பீக்கர்களிலோ வசனமும் இசையும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. நடுவிலிருப்பதை மட்டும் தனியே உயர்த்தலாம் என்பது எங்கள் இருவருக்கும் ஏன் முன்பே தோன்றவில்லை?

பழைய ரிசீவர் ஒன்றும், முன்பக்கத்து மூன்று ஸ்பீக்கர்களும் வாங்கினோம். பின்பக்கத்தவை அடுத்த பொங்கலுக்கு. நடு ஸ்பீக்கரை மட்டும் 6 டெசிபல் கூட்டி வைத்து, அன்றிரவு ஒரு படம் போட்டோம். அப்பா அரைமணி நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பிறகு திரும்பி, "டேய், கொஞ்சம் குறைடா. இவன் ரொம்பக் கத்துறான்" என்றார்.