டீ வந்துச்சா?

"டீ வந்துச்சா?" என்று நான் கேட்டால் ஆபீஸ் பையன் பிளாஸ்கைத் தூக்கிக்கிட்டு ஓடி வருவான். நான் கேட்டது பத்துக்கு ஆறு இஞ்ச் ரெடியூசிங் டீ! குஜராத்துக்குப் பைப்பிங் வேலைக்கு வந்து இத்தனை வருஷமாச்சு, இந்தக் கூத்து மட்டும் மாறலை.

2011 ஷட்டவுன். பரூச் பக்கம் ஒரு பிளாண்ட். 10 இஞ்ச் ஹெட்டரில் இருந்து 6 இஞ்ச் கிளை எடுக்கணும். உள்ளே ஓடுவது ஹைட்ரோகார்பன், 40 பார் அழுத்தம். டிராயிங்கில் டீ போட்டிருக்கு. ஸ்டோரில் டீயும் இல்லை, வெல்டோலெட்டும் இல்லை. வர இரண்டு வாரம் ஆகும். லைனை மூணு நாளில் ஒப்படைக்கணும்.

"ஹெட்டரில் ஓட்டை போட்டு நேரா வச்சு வெல்ட் பண்ணிடு. ஹைட்ரோ டெஸ்ட் தாங்கிடும்" என்றார் மேனேஜர். சொல்வது அவர், கையெழுத்து என்னுடையது.

எங்க ஃபோர்மேன் அண்ணன் திருச்சிக்காரர். பீடியை அணைச்சுட்டுக் கேட்டார், "தம்பி, கால்சட்டை கிழிஞ்சா ஒட்டு வைக்காமத் தைப்பியா?"

ராத்திரி கணக்குப் போட்டேன். பி31.3 கோட் சொல்வது சுலபம்தான்: ஹெட்டரில் வெட்டி எடுத்த, அழுத்தத்தைத் தாங்க வேண்டிய இரும்பைச் சுற்றுவட்டாரத்திலேயே திருப்பிக் கொடு. துருவுக்கு 3 மி.மீ., தயாரிப்புக் குறைவுக்குப் பன்னிரண்டரை சதவீதம் கழிச்சா, வேண்டியது சுமார் 630 சதுர மி.மீ. ஹெட்டரிலும் கிளையிலும் உபரியாக இருந்தது 210தான். அதாவது மூணில் ஒரு பங்கு. டெஸ்ட் என்பது பச்சைத்தண்ணீரில் கொஞ்ச நேரம். லைன் ஓடுவது சூட்டில், வருஷக்கணக்கில். ஹெட்டரின் மூணு மி.மீ.யைத் துரு தின்ன பிறகும் தாங்கணும் இல்லையா?

காலையில் ஒட்டு (நம்ம பாஷையில் பேட்) இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று மெயில் போட்டேன். மேனேஜர் இரண்டு நாள் என்னோடு பேசலை. கிளையன்ட் பேடுக்கு ஒப்புக்கொண்டார்கள். பழைய அட்டவணைப்படி பார்த்தாலும், ஒட்டு இல்லாவிட்டால் கிளையில் தகைவு 5 மடங்குக்கு மேல் ஏறும். ஹெட்டர் கனத்திலேயே ஒட்டு வச்சா 2.7 மடங்கு, டீக்கு 2.5. அவ்வளவு கிட்ட வரும்னு நானே நினைக்கலை.

அதே குழாய்த் துண்டில் அண்ணன் பேட் வெட்டினார். கிளை வெல்டைச் சோதிச்ச பிறகுதான் அதை மேலே வைக்கவிட்டார். பேடின் பக்கவாட்டில் சின்ன ஓட்டை ஒண்ணு உண்டு. வெல்டிங் சூட்டில் காத்து வெளியேற, பின்னால கசிஞ்சா காட்டிக்கொடுக்க. ஹெல்பர் பையன் ஏதோ தப்புன்னு நினைச்சு அதையே வெல்ட் வச்சு அடைச்சுட்டான்! அண்ணன் திட்டின திட்டை இங்கே எழுத முடியாது. :)

திரும்பத் துளைச்சு, அதுவழியா லேசாகக் காத்து விட்டு, சோப்புத்தண்ணி தடவினோம். வெளி வெல்டில் ஒரு இடத்தில் நுரை குமிழ் விட்டுச்சு. தேய்ச்சு எடுத்து மறுபடி வெல்ட். விடிஞ்சுடுச்சு.

டீ சொன்னபடி இரண்டு வாரத்தில் வந்து சேர்ந்தது. அண்ணன் இப்போ ஊரோடு போயிட்டார். போன பொங்கலுக்குப் போன் பண்ணினா, "சௌக்கியமா" கூடக் கேட்கலை. "தம்பி, அந்த ஓட்டையில க்ரீஸ் மட்டும்தானே வச்சிருக்காங்க? வெல்டு வைக்கலையே?"