ஐம்பதின் பின் ஒரு துணை

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளில் வெளிவரும் ‘மணமகன் தேவை’, ‘மணமகள் தேவை’ விளம்பரங்களை வாசிப்போர் ஒன்றை அவதானித்திருப்பர். அங்கே மணம் நாடுவோர் பெரும்பாலும் தாமாகப் பேசுவதில்லை. பெற்றோரும் சகோதரருமே அவர்களுக்காகப் பேசுகின்றனர். வயது, சாதகம், உத்தியோகம், சீதனம் என்பன வரிசையாக நிற்கும். ஐம்பது வயதைக் கடந்த ஒருவருக்காக யார் பேசுவது? பெற்றோர் மறைந்திருப்பர், பிள்ளைகளோ பேச நாணுவர். இவ்வினா எங்கள் வீட்டு முற்றத்திலேயே எழுந்தமையால் இதனை எழுதத் துணிந்தேன்.

தந்தையாரின் தங்கையாகிய என் மாமிக்கு இப்போது வயது 54. விடத்தல்தீவில் வாழ்க்கைப்பட்டவர். 2008 இல் போர் அவ்வூரை நெருங்கியபோது குடும்பத்தோடு வன்னிக்குள் இடம்பெயர்ந்தார். 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் மாமா காணாமற் போனார். மெனிக் பாம் முகாமிலிருந்து வெளியேறிய மாமி மன்னார்த் தீவிலே எங்களோடு வந்து சேர்ந்தார். கருவாட்டு வாடியில் உழைத்து ஒரே மகளைப் படிப்பித்து மணமுடித்துக் கொடுத்தார். அவள் இன்று பிரான்சில் வாழ்கிறாள். கிழமைக்கு ஒருமுறை தொலைபேசியில் முகம் காட்டுவாள். எஞ்சிய ஆறு நாட்களும் மாமிக்குத் தனிமையின் நாட்களே.

சென்ற விடுமுறையில் மாமி தம் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினார். “பிள்ளை, இதிலை எங்களைப் போலை வயசு போன ஆக்கள் கதைச்சுப் பழக ஏதோ இருக்காம். காசு கேக்காததாப் பார்” என்றார். சற்றுப் பொறுத்து, “பின்னேரம் தேத்தண்ணி குடிக்கேக்கை எதிரிலை ஒரு ஆள் இருந்தாக் காணும்” என்றும் சொன்னார்.

இரண்டு மாலைகள் தேடினோம். ‘இலவசம்’ என்ற சொல்லின் பொருள் படிப்படியாக விளங்கிற்று. பெயரைப் பதிவதும் படத்தை இடுவதும் இலவசம். மறுபக்கத்தவரின் தொலைபேசி இலக்கத்தைக் காண்பதற்குப் பணம் கட்ட வேண்டும். ‘யாருக்காகப் பதிவு செய்கிறீர்?’ என்று வினவிய ஒரு படிவத்தில் மகன், மகள், சகோதரர் என்றெல்லாம் இருந்தது. தாய் என்ற சொல்லைக் காணவில்லை. முகநூற் குழுக்கள் முற்றிலும் இலவசமே; ஆயின் அங்கே யார் எவர் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வெளிநாட்டு வைத்தியர் எனத் தம்மை அறிமுகஞ் செய்த ஒருவர் இரண்டே நாட்களில் பரிசுப் பொதி அனுப்பியதாகவும், அது சுங்கத்தில் தடைப்பட்டிருப்பதாகவும், அதனை மீட்கப் பணம் வேண்டும் எனவும் எழுதினார். இலங்கையிற் பலர் இவ்வழியில் பணத்தை இழந்துள்ளனர். மாமி நகைத்தார். “முகம் தெரியாதவருக்கு என்னிலை ஏன் இவ்வளவு இரக்கம்?” என்றபடி அவ்விலக்கத்தைத் தடைசெய்யச் சொன்னார்.

இவற்றினும் பெரிய தடை மற்றொரு படிவத்தில் காத்திருந்தது. ‘மணமாகாதவர், விதவை, மணமுறிவு பெற்றவர்’ என்ற மூன்று கட்டங்களின் மேல் மாமியின் விரல் அசையாது நின்றது. அவர் இம்மூவருள் எவர்?

நம் நாட்டுச் சட்டம் இதற்கு இரு வழிகளைத் தந்துள்ளது. காணாமற் போனவர் இறந்ததாகப் பதிவு செய்ய 2010 ஆம் ஆண்டின் மரணப் பதிவு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம் இடமளித்தது. 2016 இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, ஒருவர் காணப்படாமையை மட்டும் உறுதிசெய்யும் சான்றிதழும் ஏற்படுத்தப்பட்டது. பின்னையது சொத்துக்களைப் பராமரிக்கவும் உதவிகள் பெறவும் பயன்படும்; திருமணப் பந்தத்தை அது கலைப்பதில்லை. முன்னையதைப் பெற விரும்பும் மனைவி, கணவன் இறந்துவிட்டான் எனத் தானே கையொப்பமிட்டுக் கூற வேண்டும். அக்கையொப்பம் தேடலின் முடிவு என அஞ்சிப் பலர் அதனை மறுத்துள்ளனர். மாமியும் அவர்களுள் ஒருவர். கத்தோலிக்கத் திருச்சபை கைம்பெண்ணின் மறுமணத்தைத் தடுப்பதில்லை. ஆயினும் முதற் கணவரின் இறப்பு உறுதிப்பட வேண்டும் என்கிறது.

தமிழிலக்கணம் இத்தகைய அன்பை அறியாததன்று. தொல்காப்பியர் இளமை நீங்கியோரின் காதலைப் பெருந்திணைக்குரிய குறிகளுள் ஒன்றாக வைத்தார். இருவரும் இளமை கடந்தபின் அறத்தை நாடாது காமத்தை நாடுதலும் அதனுள் அடங்கும் என்பது இளம்பூரணர் உரையின் கருத்து. பிள்ளைகளை வளர்த்துக் கடன்களையெல்லாம் தீர்த்தபின், ஒருவருக்கொருவர் துணையாயிருத்தலும் ஓர் அறமாகாதா என்பதே என் ஐயம்.

அயல்நாட்டில் இதற்கு விடை கண்டவர் உண்டு. 2001 ஜனவரி 26 இல் குஜராத்தில் நிகழ்ந்த பூகம்பத்தில் துணையை இழந்தோரின் நிலையைக் கண்ட நட்டுபாய் பட்டேல் என்பவர், ஐம்பது வயதைக் கடந்தோர்க்குத் துணை தேடிக் கொடுக்கும் பணியை அகமதாபாத்தில் கட்டணமின்றி நடத்தி வந்தார். ‘விலையில்லா, விலைமதிப்பற்ற சேவை’ எனப் பொருள்படும் குஜராத்திப் பெயர் அதற்கு வழங்கிற்று. முதியோர் ஒரு மண்டபத்தில் பலர் முன்னிலையில் எழுந்து நின்று தம்மைத் தாமே அறிமுகஞ் செய்து கொள்வர். ஈண்டு நோக்கத்தக்கது கட்டணம் இன்மை மட்டுமன்று; இருவருக்குமிடையே பொறுப்புடைய ஒருவர் நிற்பதும், சந்திப்பு வெளிச்சத்தில் நிகழ்வதுமாகும். கைத்தொலைபேசி தராதது இதுவே.

மன்னாரில் இது இயலாததா? ஊர்தோறும் முதியோர் சங்கங்களும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் உள்ளன; கோயிலும் பள்ளிவாசலும் உள்ளன. மாதம் ஒருமுறை, தனித்து வாழும் ஆண்களும் பெண்களும் ஒரு மண்டபத்தில் கூடித் தேநீர் அருந்தினால் குடி முழுகிவிடாது. ஆயினும் முதலில் நம் மனம் இணங்க வேண்டும். மாமியின் விருப்பத்தை அவர் மகளிடம் நானே தெரிவித்தபோது, பாரிசிலிருந்து அவள் கேட்ட முதல் வினா, “ஊர் என்ன சொல்லும்?” என்பதே. கடல் கடந்தும் ஊரின் வாய்க்கு அஞ்சுகிறோம்.

மாமி இன்னும் எந்தக் கட்டத்தையும் நிரப்பவில்லை. “அவர் செத்தார் எண்டு எழுதாமல் ஒரு ஆளோடை கதைக்க ஏலாதோ, பிள்ளை?” என்று என்னைக் கேட்டார். சட்டத்திடமும் சமயத்திடமும் ஊரிடமும் ஒருங்கே கேட்கப்பட்ட வினா அது. கற்றறிந்தோர் கூடும் இப்பல்கலைக்கழகத்தின் முன் அதனை அப்படியே வைக்கின்றேன்.