மிகையொலியும் சுருதியும்

ஓவர்ட்ரைவ் பெடல் பற்றித் தமிழ்ச் சங்க மலரில் எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். மின் கிற்றாருக்கும் அதன் ஒலியைப் பெருக்கும் விரியலாக்கிக்கும் இடையே பொருத்தப்படும் சிறு பெட்டி அது. 9 வோல்ற்று மின்கலமே அதற்குப் போதும். காலால் அழுத்த, கிற்றாரின் மெல்லிய ஒலி தடித்துக் கனன்று எழும். அதனைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டபோதுதான் என் குறைகளைக் காதுகொடுத்துக் கேட்கவும் நான் கற்றுக்கொண்டேன்.

புலமைப்பரிசுப் பணத்தில் நான்கு மாதங்கள் மிச்சம்பிடித்து, ஒருவர் பாவித்துக் கைவிட்ட பெடலை வாங்கினேன். அக்காலத்தில் என் இடக்கை விரல்கள் தந்திகளைத் திருத்தமாக அழுத்தப் பழகியிருக்கவில்லை. ஒலி மிகுந்தால் பிழை மறையும் என்று நம்பினேன். பீடத்துக் கலைவிழாவில் வாசிக்க இசைந்ததும் அந்த நம்பிக்கையினாலேயே. சங்கீத ஆசிரியையாகவிருந்து ஓய்வுபெற்ற அம்மா, என் வாசிப்பைக் கேட்பதற்கென்றே யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். 'ட்ரைவ்' என்னும் குமிழை எல்லைவரை திருகிவிட்டு வாசிக்கத் தொடங்கினேன். நான் மீட்டாத தந்திகளும் அதிர்ந்தன. ஒரு சுரம் அடங்குமுன் மற்றொன்று அதன்மேற் புரண்டது. பாடியவரின் குரல் அதனுள் அமிழ்ந்தது. விழா முடிந்ததும் அம்மா, "சாப்பிட்டியோ தம்பி?" என்று மட்டுமே கேட்டார். கண்டித்திருந்தாரெனின் நான் அத்துணை வருந்தியிருக்கமாட்டேன்.

நிகழ்ந்தது யாதென விஞ்ஞான பீடத்து நண்பர் ஒருவர் பின்னர் விளக்கினார். கிற்றாரிலிருந்து வரும் மின்னலை குறித்த ஓர் எல்லையை மீறும்போது, பெடலினுள்ளே இருக்கும் இருவாயிகள் அதன் முகட்டை மழுங்கச் செய்கின்றன. முகடு மழுங்கிய அலையில் புதிய மேற்றொனிகள் பிறக்கின்றன. ஒலி செழுமையுறுவது அவற்றாலேயே. ஆயின், உரத்த ஒலி எல்லையில் தடுக்கப்பட, மெல்லிய ஒலி அதற்கு அண்மையாக உயர்ந்துவிடுகின்றது. விரல் தவறித் தீண்டிய தந்தியும் முறைப்படி மீட்டிய தந்திக்கு நிகராகப் பேசும். பிழையை மறைக்குமென்று நான் நம்பிய கருவி, பிழையை உரத்துக் கூறும் கருவியாக இருந்தது.

இரு சுரங்கள் ஒருங்கே ஒலிக்கையில் நிலைமை மேலும் சிக்கலாகின்றது. அவற்றின் மீடிறன்களின் கூட்டுத்தொகையும் வேறுபாடும் புதிய ஒலிகளாக வெளிப்படும். 200, 300 ஆகிய மீடிறன்களை எடுத்துக்கொள்வோம். நாமறிந்த சட்ஜ பஞ்சம உறவு இது. வேறுபாடு 100, கூட்டுத்தொகை 500. யாவும் நூறின் மடங்குகளாதலின் இணங்கி நிற்கின்றன. பஞ்சமத்துக்குப் பதிலாகக் கிற்றாரின் காந்தாரத்தை வைத்தால் அதன் மீடிறன் ஏறத்தாழ 252. வேறுபாடு 52, கூட்டுத்தொகை 452. இவை மூலச் சுரங்களோடு ஒட்டுவதில்லை. விழாவில் நான் வாசித்த நிறைவான சுரக்கூட்டுகள் சேறாகக் குழம்பியமைக்கும், ரொக் இசையில் இருசுரப் பஞ்சமக் கூட்டுகள் பெருவழக்காக இருப்பதற்கும் காரணம் இதுவே.

இவ்வொலியின் வரலாறும் சிந்தனைக்குரியது. 1951இல் 'ராக்கெட் 88' பாடல் ஒலிப்பதிவு செய்யப்பட்டபோது கேட்ட கரகரப்பு, பழுதடைந்த விரியலாக்கியால் விளைந்ததென்பர். 1964இல் 'கிங்ஸ்' குழுவின் டேவ் டேவிஸ் தம் ஒலிபெருக்கியின் கூம்பைப் பிளேடினாற் கிழித்தே தாம் விரும்பிய ஒலியைப் பெற்றார். 1977இல் ஜப்பானிய 'பாஸ்' நிறுவனத்தின் ஓடி-1 பெடலும், அதனையடுத்து ஐபனீஸின் 'டியூப் ஸ்க்ரீமர்' பெடலும் வெளிவந்தன. பழுதாகத் தொடங்கியது இவ்வாறு அளந்து கையாளத்தக்க கலையாயிற்று. டேவிஸ் ஓர் ஒலியைத் தேடினார். நானோ ஓர் ஒளிவிடத்தைத் தேடினேன்.

விடுமுறையில் வீடு சென்றிருந்தபோது, அம்மா தம்புராவுக்குச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தார். சுருதி சேர்ந்தபின், குதிரைக்கும் தந்திக்கும் இடையே கிடந்த பருத்தி நூலை மயிரிழையளவு நகர்த்தினார். அதுவரை மொட்டையாக ஒலித்த தந்தி, மேற்றொனிகள் நிறைந்து அறையெங்கும் விரிந்தது. சிறுவயது முதல் கண்ட காட்சிதான். அன்றுதான் அதன் பொருள் விளங்கிற்று. என் பெடலைப் பற்றிச் சொன்னேன். அம்மா சற்று யோசித்து, "நூலைக் கூட நகத்தினாலும் சத்தம் செத்துப்போம் தம்பி. சுருதி சேராத தந்திக்கு நூல் போட்டு என்ன பிரயோசனம்?" என்றார். நூலும் இருவாயியும் தொழிற்படும் முறை வேறு வேறு. ஆயினும் அக்கேள்வி இரண்டுக்கும் பொருந்தியது.

அன்று தொட்டு, பெடலை அணைத்துவிட்டே ஒவ்வொரு பாடத்தையும் முதலிற் பழகினேன். தேவையற்ற தந்திகளை வலக்கை விளிம்பினால் அடக்கக் கற்றேன். பின்னர் ட்ரைவ் குமிழைக் காற்பங்கில் நிறுத்தி, 'லெவல்' குமிழைச் சற்று உயர்த்தினேன். இந்நிலையில் மெல்ல மீட்டினால் ஒலி ஏறத்தாழத் தெளிவாகவே இருக்கும். அழுத்தி மீட்டினால் மட்டுமே கனலும். எவ்வளவு கனல வேண்டுமென்பதை அப்போது குமிழன்று, கையே தீர்மானிக்கின்றது.

அடுத்த விடுமுறையில் சிறிய விரியலாக்கி ஒன்றை இரவல் வாங்கி வீட்டுக்குக் கொண்டுசென்றேன். முற்றத்து விறாந்தையில் அம்மாவின் முன் அமர்ந்து, கலைவிழாவில் சிதைத்த அதே பாடலை வாசித்தேன். அவர் கண்களை மூடிக் கேட்டிருந்தார். முடிந்ததும், "ரெண்டாவது தந்தி கொஞ்சம் இறங்கி நிக்குது. அதைக் கூட்டிப்போட்டு, திரும்ப ஒருக்கா வாசி" என்றார். என் கிற்றார் வாசிப்பில் அம்மா பிழை சொன்னது அதுவே முதல் தடவை. தந்தியைக் கூட்டிவிட்டு, மீண்டும் முதலிலிருந்து வாசித்தேன்.