ஏறுவாரில்லாத மிம்பர்

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே சில மைல் சென்றால் இணுவில் வரும். புகையிலைக்கும் தவில், நாதஸ்வரக் கலைஞர்களுக்கும் பேர்போன ஊர். அங்குள்ள கந்தசுவாமி கோயிலின் மர மஞ்சம் மிகப் பெரியது. தைப்பூசத்தன்று வீதியில் இழுத்து வருவார்கள். "மௌலவிக்கு அங்கே என்ன வேலை?" என்கிறீர்களா? சொல்கிறேன்.

லண்டனில் வாழும் இணுவில் நண்பர் ஒருவர், என் வாப்பாவிடம் தையல் பழகியவரின் மகன், என்னை விக்டோரியா அல்பர்ட் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனார். 1852இல் தொடங்கப்பட்டது. கட்டணமில்லை. நாற்காலி, கிண்ணம், துணி, பூட்டு என்று மனிதர் புழங்கிய பொருட்களைத் தொழிலாளர் பார்த்துப் பழகட்டும் என்பதே ஆரம்ப நோக்கம். நல்ல நோக்கம்தான்.

இஸ்லாமியக் கூடத்தின் நடுவே அர்தபீல் கம்பளம் கண்ணாடிக்குள் விரிந்து கிடக்கிறது. 1893இல் 2000 பவுண் கொடுத்து வாங்கினார்களாம். சாயம் வெளிறாதிருக்க அரைமணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் மட்டுமே விளக்கை ஏற்றுகிறார்கள். நாமும் காத்து நின்றோம். ஒரு தொங்கலில் மக்ஸூத் காஷானி என்ற பெயரும் ஹிஜ்ரி 946 என்ற ஆண்டும் தெரிந்தன.

நிமிர்ந்தேன். எதிரே ஒரு மிம்பர்! கெய்ரோவில் சுல்தான் காயித்பாய் காலத்தில், 15ஆம் நூற்றாண்டில், செய்யப்பட்டது. மரமும் தந்தமும் சின்னச் சின்னக் கோணங்களாக நறுக்கப்பட்டு நட்சத்திரங்களாய்ப் பொருந்தியிருக்கின்றன. வெள்ளிதோறும் ஏறிப் பழகிய கால் அல்லவா, தானாகவே படியருகில் போய் நின்றுவிட்டது. ஏறக் கூடாது. 1869இல் இந்த அருங்காட்சியகம் வாங்கியது முதல் அதில் ஒரு குத்பா இல்லை. வைத்திருப்பவர்களை நான் குறைகூறவில்லை. அந்த நூற்றாண்டில் கெய்ரோவின் பழைய மிம்பர்களிலிருந்து துண்டு துண்டாகப் பெயர்த்து விற்கப்பட்டவையும் உண்டு. இது முழுதாகவாவது நிற்கிறது. ஆனாலும் நெஞ்சு கனத்தது.

1990 அக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. பல வருடங்களுக்குப் பின் திரும்பிப் போய்ப் பார்த்தால், நான் ஓதிய பள்ளியில் கூரையுமில்லை, மிம்பருமில்லை. நாலு படி, பலாமரம், வேலைப்பாடு ஏதுமில்லை. அதை எந்த அருங்காட்சியகமும் வாங்கியிராது.

நண்பர் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "எங்கட ஊர் மஞ்சத்திலயும் இப்பிடித்தான் நுணுக்க வேலை, மௌலவி. ஆனா நாங்கள் இன்னும் இழுக்கிறம்," என்றார்.

அதனால்தான் போனேன். வழிபாடு அவர்களுடையது, நான் வீதியோரத்தில் நின்று தச்சு வேலையைப் பார்த்தேன். மரம் அசைந்து வந்தது. வடத்தைப் பிடித்தவர்களின் வியர்வையும் தெரிந்தது. பக்கத்தில் நின்றவர் விசாரித்தார். வாப்பாவின் பெயரைச் சொன்னதும், "அவர் தைச்ச சட்டையோட தானே தம்பி நான் கலியாணம் கட்டினது," என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

எங்கள் பள்ளிக்கு இப்போது கூரை போட்டாயிற்று, அல்ஹம்துலில்லாஹ். சீமெந்து மிம்பர் கட்டலாம் என்கிறார்கள். அந்தப் பெரியவர் காட்டிய தச்சரிடம் நாலு படிக்கு மரக்கணக்கு எழுதி வாங்கி வந்திருக்கிறேன். பலாமரம்தான்.