மலையில் தங்கியவரும் இறங்கியவரும்

இடுக்கி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், கோட்டயம் மாவட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் வாகமணில் மூன்று குன்றுகள் பிரசித்தம். ஒன்று முஸ்லிம்கள் போற்றும் தங்கள் பாறை. இன்னொன்று முருகன் மலை. மூன்றாவது குரிசுமலை. குரிசு என்றால் சிலுவை. புனித வெள்ளியன்று மக்கள் கூட்டம் கூட்டமாகச் சிலுவை சுமந்து அதில் ஏறுவார்கள். பிரார்த்தனை முடிந்ததும் இறங்கிவிடுவார்கள்.

1958 மார்ச்சில் அங்கே போய்ச் சேர்ந்த இரண்டு வெள்ளைக்காரத் துறவிகள் அப்படி உடனே இறங்கிவிடவில்லை. ஒருவர் 44 ஆண்டுகள் அங்கேயே இருந்து, அங்கேயே கண்ணை மூடினார். மற்றவர் 10 ஆண்டுகளில் இறங்கி, காவிரிக் கரைக்குப் போய்விட்டார். பிரான்சிஸ் ஆச்சாரியா, பீட் கிரிஃபித்ஸ். கிறிஸ்தவ விசுவாசத்தில் ஒருவன் பக்குவப்படுவது எப்படி என்ற கேள்விக்கு இந்த இருவரின் வாழ்க்கையும் இரண்டு வேறு வேறு பதில்களைத் தருகின்றன.

பிரான்சிஸ் 1912இல் பெல்ஜியத்தில், வசதியான குடும்பத்தில் பிறந்தவர். 1931இல் லண்டனில் மாணவராக இருந்தபோது, வட்டமேஜை மாநாட்டுக்கு வந்த காந்தியைப் பார்த்தார். கோட்டும் தொப்பியுமாக இருந்த நகரத்தில் இடுப்புத் துணியோடு நடந்த அந்த மனிதர் அவர் மனதில் தங்கிவிட்டார். 1935இல் டிராப்பிஸ்ட் மடத்தில் சேர்ந்தார். மௌனத்துக்கும் உடல் உழைப்புக்கும் பெயர்போன கடுமையான சபை அது. இந்தியாவுக்குப் போகவேண்டும் என்ற ஆசை உள்ளே இருந்தது. மேலிடம் அனுமதி தந்து அவர் இங்கே வந்து சேர்ந்தது 1955இல். ஏறக்குறைய 20 வருடங்கள்! வேறொருவராக இருந்தால் மடத்தை விட்டிருப்பார், அல்லது ஆசையை விட்டிருப்பார். அவர் இரண்டையும் விடவில்லை.

கிரிஃபித்ஸ் வேறு மாதிரி. 1906இல் இங்கிலாந்தில் பிறந்து ஆக்ஸ்போர்டில் படித்தவர். எழுத்தாளர் சி.எஸ். லூயிஸின் மாணவர், பிறகு நண்பர். 1930இல் இயந்திர நாகரிகமே வேண்டாம் என்று இரண்டு நண்பர்களோடு ஒரு கிராமத்துக் குடிசைக்குப் போய், பசு வளர்த்துப் பைபிள் படித்து வாழ்ந்து பார்த்தார். ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. பிறகு பட்டினி, இரவு முழுக்கப் பிரார்த்தனை என்று தன்னைத்தானே வதைத்துக்கொண்டார். இளம் வயதுப் பக்தியில் பெரும்பாலும் ஒரு லட்சியவாதியின் பிடிவாதம் கலந்திருக்கும். கடவுளைக்கூடத் தன் முயற்சியால் வென்றுவிடலாம் என்ற எண்ணம். உடலும் மனமும் உடையும் நிலை வந்தபோதுதான் அது தளர்ந்தது என்பது 1954இல் வந்த அவரது சுயசரிதையைப் படிப்பவர்களுக்குப் புரியும். 1931 கிறிஸ்துமஸ் சமயத்தில் கத்தோலிக்கரானார். பெனடிக்டின் மடத்தில் சேர்ந்தார். அவரும் இந்தியா வந்தது 1955இல்தான்.

இருவரும் சேர்ந்து அமைத்த குரிசுமலை ஆஸ்ரமம் அன்றைய கேரளக் கிறிஸ்தவர்களுக்குப் புதுமை. காவி உடை, வெறும் கால், தரையில் அமர்ந்து சைவ உணவு. வழிபாடு மட்டும் ஐரோப்பிய லத்தீன் முறையில் இல்லை. கேரளத்தில் பல நூற்றாண்டுகளாக வேரூன்றிய சிரியன் முறையில். வெறும் புல் முளைத்துக் கிடந்த மேட்டில் மாட்டுப் பண்ணை அமைத்தார்கள். துறவிகள் புல் அறுத்தார்கள், சாணி அள்ளினார்கள், பால் கறந்தார்கள். தியானம் தேடி வந்த இளைஞர்கள் பலருக்கு முதல் பாடம் தொழுவத்தில்தான் நடந்தது.

பத்து வருடங்கள் சேர்ந்து வாழ்ந்தும் இருவர் பார்வையும் ஒன்றாகவில்லை. சிரியன் வழிபாடும் மடத்து ஒழுங்கும் உழைப்பும்தான் ஆஸ்ரமத்தின் முதுகெலும்பு என்பது பிரான்சிஸின் நிலை. உபநிஷதங்களோடும் இந்துக்களின் தியான மரபோடும் இன்னும் ஆழமாகப் பேசவேண்டும் என்பது கிரிஃபித்ஸின் தவிப்பு. இந்தச் சமயத்தில்தான் குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் இருந்து அழைப்பு வந்தது. அங்கே 1950இல் மோன்ஷனேன், லெ சோ என்ற இரண்டு பிரெஞ்சுக் குருமார்கள் தொடங்கிய சாந்திவனம் ஆஸ்ரமம் கிட்டத்தட்டக் காலியாகக் கிடந்தது. மோன்ஷனேன் 1957இல் பாரிஸில் இறந்துவிட்டார். அபிஷிக்தானந்தா என்று பெயர் சூட்டிக்கொண்ட லெ சோவின் மனம் இமயமலையில் இருந்தது. நிரந்தரமாகத் தங்கிய சீடர் என்று யாரும் இல்லை. உலகக் கணக்கில் பார்த்தால் தோல்வி அடைந்த இடம். 1968இல், 61 வயதில், இரண்டு சகோதரர்களோடு கிரிஃபித்ஸ் அங்கே போனார்.

அந்த வயதில் ஒருவர் இடம் மாறுவது சலிப்பினாலா, வளர்ச்சியினாலா? வெளியிலிருந்து சொல்வது கடினம். ஒரே இடத்தில் இருப்பதும் அப்படித்தான். அது உறுதியாகவும் இருக்கலாம், வெறும் பழக்கமாகவும் இருக்கலாம். ஆனாலும் யார் பெரியவர் என்று ஒப்பிடும் ஆசை நமக்கு விடுவதில்லை. கொரிந்து நகரத்துச் சபையிலும் இதே தகராறுதான். ஒரு கூட்டம் தன்னைப் பவுலின் ஆள் என்றது, இன்னொரு கூட்டம் அப்பொல்லோவின் ஆள் என்றது. பவுல் எழுதிய கடிதத்தில் அவர்களை இன்னும் பால் குடிக்கும் குழந்தைகள் என்கிறார், கெட்டி ஆகாரத்துக்குத் தகுதி வரவில்லை என்று. எத்தனை நாள் உபவாசம் இருந்தார்கள், எத்தனை வசனம் மனப்பாடம் என்று அவர் கணக்குக் கேட்கவில்லை. குருமார்களை வைத்துக் கட்சி கட்டுவதையே பக்குவமின்மைக்கு அடையாளமாகக் காட்டுகிறார். (பாலை விற்றே மடத்தை நடத்திய துறவிகள் இந்த உவமையைப் படிக்கும்போது சிரித்திருக்கலாம்.)

சாந்திவனத்தில் கிரிஃபித்ஸுக்குப் பெயர் வந்தது. தென்னையும் காவிரிக் காற்றும் சூழ்ந்த குடிசைகளைத் தேடி ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கூடவே வசவும் வந்தது. கோயில் போன்ற வழிபாட்டுக்கூடம், ஆரத்தி, ஓம், சமஸ்கிருத சுலோகம் எல்லாம் கிறிஸ்தவத்தை நீர்த்துப்போகச் செய்கின்றன என்று ஒரு பக்கம் முணுமுணுப்பு. மறுபக்கம், இது மதமாற்றத்துக்குப் போட்ட காவி வேஷம் என்ற குற்றச்சாட்டு. சீதாராம் கோயல் 1988இல் இதற்காகவே ஒரு புத்தகம் வெளியிட்டார். கேள்வி நியாயமானதுதான். இன்னொருவர் மரபின் அடையாளங்களை எடுத்து அணிந்துகொள்பவர் அதற்கு விலை கொடுத்திருக்கிறாரா என்று அந்த மரபுக்காரர்கள் கேட்கத்தான் செய்வார்கள். கிரிஃபித்ஸ் கடிதங்களில் பதில் எழுதினார். எல்லோரையும் அது சமாதானப்படுத்தவில்லை.

அவரைப் பொறுத்தவரை பெரிய மாற்றம் இந்த விவாதங்களில் நடக்கவில்லை. 1990 ஜனவரியில், 83 வயதில், தன் குடிசையில் இருந்தபோது பக்கவாதம் தாக்கியது. சாகப்போகிறோம் என்றே நினைத்தார். பேச்சும் நினைவும் திரும்பிய பிறகு அவர் சொன்னது பலரை வியக்கவைத்தது. இத்தனை காலமும் அறிவாலேயே வாழ்ந்துவிட்டதாகவும், அந்தத் தாக்குதலில் ஒரு தாயின் அன்புபோன்ற ஏதோ ஒன்று தன்னை மூழ்கடித்ததாகவும் விவரித்தார். ஆக்ஸ்போர்டு படிப்பு, 50 வருடங்களுக்கு மேல் துறவு, உலகம் படிக்கும் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் பிறகு, படுக்கையில் அடுத்தவர் கையை எதிர்பார்த்துக் கிடந்தபோதுதான் அன்பு என்றால் என்ன என்று தெரிந்ததாக அவரே ஒப்புக்கொண்டார். 1993 மே 13 அன்று சாந்திவனத்தில் காலமானார்.

பிரான்சிஸுக்கு இதுபோல் சொல்லிக்கொள்ள ஒரு நாடகம் இல்லை. 1968இல் நண்பர் மலை இறங்கிய அதே வருடத்தில் அவர் இந்தியக் குடிமகனானார். சிரியன் வழிபாட்டின் பழைய பிரார்த்தனைகளைத் திரட்டி நான்கு பெரிய தொகுதிகளாக ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். வருடக்கணக்கான மேசை வேலை. வெளிநாட்டுக் கூட்டம் காவிரிக் கரைக்குப் போய்க்கொண்டிருக்க, இங்கே விடிவதற்கு முன் எழுவது, பிரார்த்தனை, தொழுவம், மீண்டும் பிரார்த்தனை.

அவரிடம் கவனிக்கவேண்டிய காரியம் கடைசியில்தான் வருகிறது. ஸ்தாபகர்கள் பொதுவாகத் தாங்கள் கட்டியதைக் கையைவிட்டு விடுவதில்லை. அரசியலில் மட்டுமல்ல, ஆஸ்ரமங்களிலும் அப்படித்தான். குரிசுமலை 40 வருடங்கள் அவர் கைப்பட வளர்ந்தது. 1998இல், தன் 86வது வயதில், அந்த ஆஸ்ரமத்தை அவர் டிராப்பிஸ்ட் சபையோடு இணைத்துவிட்டார். எந்தச் சபையின் அனுமதிக்காக இளமை முழுவதும் காத்திருந்தாரோ, அதே சபை.

2002 ஜனவரி 31 அன்று அவர் இறந்தபோது வயது 90. அடக்கம் அந்த மலையிலேயே நடந்தது.