மதிலைத் தாண்டிப் போற பூ

கடற்கரை ஊர்களில் புதுசாக் கட்டின வீடு, ஹோட்டல் எதைப் பார்த்தாலும் வாசலில் ஒரு மஞ்சள் பூக்கம்பளம். பூங்கண்டுக் கடைகளில் ‘விடேலியா’ எண்டு விற்பினம். பெரிசாத் தண்ணி கேக்காது, உப்புக்காத்துக்கு வாடாது. அம்மாக்களுக்கு இதைவிட என்ன வேணும்? எங்களுக்கும் அந்த மஞ்சள் பிடிக்கும், பொய் சொல்லக்கூடாது.

ஆனா அது முத்தத்தோட நிக்காது. கரீபியன், மத்திய அமெரிக்கப் பக்கத்துச் செடி. தண்டு நிலத்தைத் தொடுற கணுவிலெல்லாம் வேர் விடும். விதைகூடத் தேவையில்லை, மதிலுக்கு வெளியே வெட்டி எறிஞ்ச துண்டே போதும். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இதுவும் இருக்குது. நாயுண்ணியும் ஆகாயத்தாமரையும் அதே பட்டியலில்தான். அவையும் அழகுக்கெண்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டவை. நாயுண்ணி வந்தது 1826இல். ஆகாயத்தாமரை அதுக்குப் பிறகு வந்தாலும், 1909இலேயே அதை அடக்கச் சட்டம் போட வேண்டியதாப் போச்சு!

வெளியிலயிருந்து வந்த பூவெல்லாம் எதிரி எண்டில்லை. செவ்வரத்தை எத்தனை காலமா எங்கட வளவுகளில் நிக்குது. நாங்கள் கொப்பு வெட்டி நட்டாத்தான் அடுத்த வளவுக்கே போகும்.

முல்லைத்தீவில் எங்கட சிநேகிதி ஒருத்தியின் வீட்டில், விடேலியா பின்வேலிக்குக் கீழால பூந்து கடற்கரைப் பக்கம் இறங்கியிருந்தது. அங்க கிடந்த அடம்பன் கொடி பாதி அதுக்குள்ள அமிழ்ந்துபோச்சு. அடம்பனை ஆரும் பூவா மதிக்கிறேல்லை. காலமை போய்ப் பாருங்கோ, ஊதாப்பூ மணல் முழுக்க விரிஞ்சிருக்கும். அதுவும் படரும்தானே எண்டு கேப்பீங்கள். படரும். ஆனா இந்த மணலோடயே வளர்ந்த கொடி அது; காத்து மணலை அள்ளாமல் பிடிச்சு வைக்கும். ‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ எண்டு சும்மாவா சொன்னவை? வேலிக்குப் பூவரசு, கம்பியில் ஏத்தச் சங்குப்பூ, கடலோரமா எண்டால் தாழை, இராவணன் மீசை. ஒண்டுக்கும் கடைக்குப் போகத் தேவையில்லை.

பிடுங்கிறதெண்டால் துண்டு துண்டா எல்லாத்தையும் பொறுக்கி, சீமெந்துத் தரையில் நல்லாக் காயவிடவேணும். குப்பை மேட்டில் பச்சையாக் கொட்டினால் திரும்ப முளைக்கும்.

முழுசாப் பிடுங்க சிநேகிதியின் அம்மா விடேல்லை. “வாசல் வெறிச்செண்டு கிடக்கும், பிள்ளையள்.” ரெண்டு நாள் கதைச்சுப் பார்த்தோம். கடைசியில் பின்வேலிப் பக்கம் மட்டும் பிடுங்கி, அடம்பன் தண்டு வெட்டி வைச்சோம். வாசலைப் பற்றி மாரி முடியக் கதைப்பம் எண்டு சொல்லியிருக்கிறா.